காலி நாற்காலியின் படங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினி இணைப்புகள் என் பொறுப்பில் இருந்தன. பயிற்சிக்காலம் முடிய ஒரு வாரம். பாகங்களை ஏற்றிய லாரியைக் கார் தொழிற்சாலைக்குள் விட வேண்டுமானால், சரக்குப் பட்டியல் எங்களுடைய ஒரே இணைய இணைப்பான லீஸ்டு லைன் வழியாக மூன்று மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இரண்டு நாள் சேரவில்லை. லாரி திரும்பி வந்தது.

மூன்றாம் நாளும் இரண்டே காலுக்கு லைன் திணறியது.

"இன்னா மேடம், வண்டி கேட்டாண்ட நின்னுகினு கீது. இன்னிக்கும் திரும்பி வந்துச்சுன்னா என்னோட சேத்து உங்களையும் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார் டெஸ்பாட்ச் கிளார்க்.

காரணங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். கேபிள் இல்லை. வைரஸ் இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு கணினியின் நெட்வொர்க் முகவரி. ரவுட்டரை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கணினி, பூட்டிக் கிடந்த ஆய்வு அறையில் இருந்தது. அங்கே பாகங்களைச் சோதித்தவர் சாலை விபத்தில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எலக்ட்ரீஷியன் சாவியோடு வந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உள்ளே கணினியின் இரைச்சல் மட்டும். மானிட்டரில் சந்தனம், குங்குமம், காய்ந்த பூச்சரம். அதன் மேலே, சோதனைகளைப் பதிவுசெய்ய வைத்த கேமரா இன்னும் நிமிடத்துக்கொரு படம் எடுத்தது. கணினி அவற்றைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே இடமில்லாமல் பாதியில் அறுந்துபோக, மொத்தக் குவியலையும் முதலிலிருந்து மறுபடி அனுப்பியது. குவியல் தினமும் வளர்ந்தது.

"இத யாருண்ணே ஆன்லயே வச்சிருக்கிறது?"

"நாங்கதான். அவன் போன அன்னைக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அணைக்க யாருக்கும் கை வரல. ஆயுத பூசைக்குத் தெறந்து பொட்டு வச்சுட்டுப் பூட்டுனதோட சரி. அணைச்சிராதீய மேடம்."

படங்களைப் புரட்டினேன். காலி நாற்காலி. அடுத்ததிலும் அதே. பூஜைக்கு மறுநாள் படத்தில் அது சுவரைப் பார்த்திருந்தது. இன்று நாங்கள் பூட்டைத் திறக்கும் முன் எடுத்த படத்தில் கதவை. அது திரும்பியதற்குக் காரணம், '1. பிரஸ் மெஷின் அதிர்வு' என்று தாளில் எழுதினேன். அடுத்த வரியில் எண்ணை மட்டும் போட்டேன்.

எனக்கும் ஸ்விட்சுக்குக் கை போகவில்லை. இடத்துக்குத் திரும்பி ரவுட்டரில் ஒரு விதி எழுதினேன். சரக்குப் பட்டியல் முதலில். அந்த முகவரி கடைசியில், லைனில் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும். மூன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போனது. லாரி உள்ளே போய்விட்டதாக போன் வந்தது. அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது.

விதியை நான் பிறகு மாற்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும் லைன் காலியாகும். அடுத்த நொடியே அந்த ஒரு முகவரி அனுப்பும் டேட்டாவின் அளவு என் திரையில் ஏறத் தொடங்கும். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருப்பேன். படங்களை மட்டும் மறுபடி திறந்ததில்லை.