சுவருக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம், மாத்தளைப் பட்டணத்தில். பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பழகியவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் எனக்குத் தெரியும். அப்படியே சொல்கிறேன்.

அதற்கு முன் நானும் என் மனைவியும் மாத்தளைக்குக் கிழக்கே மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவள் கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். குடியிருப்பு லயத்தில். பத்து வீடுகள் ஒரே வரிசை; நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள். இரவில் யார் இருமுகிறார்கள், யார் அழுகிறார்கள், யார் யாரை ஏசுகிறார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என்னைப் பற்றித் தெரியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த லயத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் “அடுப்பில் நெருப்பு இருக்கிறதா?” என்று கேட்பதாக அர்த்தம். பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தணல் வாங்கி வரலாம். நிறுத்தாமல் தட்டினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். பிரசவ வலி, பாம்பு, குடித்துவிட்டு வந்தவனின் கை எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் லயத்துக்குத் தெரியவரும். என் மனைவி அதிலேயே வளர்ந்தவள்.

பட்டணத்தில் கொக்கோவும் ரப்பரும் வாங்கி அனுப்பும் ஒரு ஸ்டோரில் எனக்குக் கிளாக்கர் வேலை கிடைத்தது. கூடவே கொழும்புப் பத்திரிகை ஒன்று என்னை மாத்தளைச் செய்தி எழுதி அனுப்பச் சொன்னது. எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். லயத்தை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாத்தியாரய்யா, இனிமே என் கொறட்ட கேக்காது. தூக்கம் வருமா ஒங்களுக்கு?”

“இனிமேதான் வரும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி மட்டும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “போற எடத்துல நல்ல செவரா பாத்துப் போ புள்ள” என்றாள். அப்போது என் மனைவிக்கு நான்காம் மாதம். எங்களுக்குத் தலைப்பிள்ளை.

எங்கள் இருவருக்கும் மாத்தளையைவிடப் பெரிய ஊர் தெரியாது. ரயில், அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி, தேர் ஓடும் கோயில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்த ஊர் அதுதான். ஐப்பசி மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். நான் ஒரு குறிப்புப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி கதவு, ஜன்னல், கூரை, கிணறு, ஸ்டோருக்கு எத்தனை நிமிட நடை என்று வரிசையாக எழுதினேன். அவள் எதையும் அளந்து பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

முதலில் பார்த்தது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை. “அந்தப் பக்கம் யாருங்க இருக்காங்க?” என்று அவள் கேட்டாள். இரண்டு போர்ட்டர்கள் என்றார்கள். கரிப்புகை உள்ளே அடித்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது, ஒரு முஸ்லிம் அம்மாவின் வளவுக்குள் இருந்த நான்கு அறைகள் கொண்ட வரிசை. குடியிருந்தவர்கள் எல்லோரும் அவரை உம்மா என்றே கூப்பிட்டார்கள். புருஷன் இல்லை, பிள்ளைகள் குருணாகலில் கடை வைத்திருந்தார்கள். காலியாக இருந்தது முதல் அறை. அதன் சுவருக்கு அடுத்தாற்போல் அவருடைய வீடு. என் மனைவி தன் கேள்வியைக் கேட்டாள்.

“நான்தான், மகள். வேற யாரு? ஒத்தைக்கித்தான் ஈக்கிறேன். நீங்க இருமினாலும் எனக்குக் கேக்கும்” என்றார் உம்மா.

என் மனைவியின் முகம் மலர்ந்தது. எனக்கு எரிந்தது. வெளியே வந்ததும், “லயத்த விட்டு வந்தது இன்னொரு லயத்துக்குப் போறதுக்கா? இதுக்கு ஓடு போட்டிருக்கான், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றேன்.

“நல்ல மனுசியா தெரியிறாங்க...”

“நல்ல மனுசியோட காதும் நல்ல காதா இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாவது வீடு அங்கிருந்து கால் மைல் தள்ளி, ஒரு கொக்கோத் தோட்டத்து ஓரத்தில் தனியாக நின்றது. கனமான சுவர்கள். தெருவைப் பார்த்த ஜன்னல். அதன் கீழ் மேசை போட்டு எழுதுவதாக நின்ற இடத்திலேயே மனதுக்குள் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த சிங்களவர். “மாஸ்டர், இங்க ஒரு சத்தம் வராது. சண்ட இல்ல, பீடி வாட இல்ல” என்றார். என் மனைவி கேட்டதற்கு, “அந்தப் பக்கம் யாரும் இல்ல நோனா, கொக்கோ மரம்தான்” என்று சொல்லி அவரே சிரித்தார்.

அவள் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. “கல்லு மாதிரி இருக்குங்க” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வாடகையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பணத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. அன்றே சாவியை வாங்கினேன்.

அந்த வீட்டில் நான் நன்றாகத் தூங்கினேன். நன்றாக எழுதினேன். அவள் எப்படி இருந்தாள் என்று இப்போது யோசித்தால் இரண்டு காரியங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருநாள் மாலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு கையில் அகப்பை, மறு கை சுவரில். “கைப் பழக்கம்ங்க” என்று வெட்கத்தோடு கையை எடுத்துக்கொண்டாள். இன்னொன்று, வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்க, கால் மைல் நடந்து உம்மா வளவுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தாள். அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகிறது என்றாள். ஏழாம் மாதத்தில் குடத்தோடு நடக்கக் கூடாது என்று நான் கண்டித்து நிறுத்தினேன். நான் சொன்ன காரணம் நியாயமானது. அதன் பிறகு பகல் முழுவதும் அவளுக்குப் பேச ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம் அம்மன் கோயில் தேர். பத்திரிகைக்கு நான் எழுதும் பெரிய செய்தி அதுதான். காலையில் சட்டை மாட்டும்போது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ராவுலேருந்து இடுப்பு ஒரு மாதிரியா கடுக்குது.”

“எட்டாம் மாசந்தானே. படுத்துக்க.”

“தேரு நெலைக்கு வந்ததும் வந்திருவீங்களா?”

“வந்ததும் வந்துர்றேன்.”

அன்று நாவுலையிலிருந்தும் கலேவெலையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. தோட்டங்களில் விடுமுறை. எங்கள் தெருவிலோ ஒரு மனிதர் இல்லை. எல்லோரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். வடம் பிடிப்பதற்கு முன் வெடி போட்டது பத்து மணிக்கு. தேர் திரும்பி நிலைக்கு வந்தபோது மூன்று. நான் கோயில் மதிலோரம் நின்றபடியே செய்தியை எழுதி முடித்தேன். வந்துவிடுவதாகச் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் செய்தி உறையை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய், ரயிலில் ஒப்படைத்து, அது புறப்படும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். வீட்டுக்கு வரும்போது நாலு மணி.

அடுப்படிப் படியில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. அவள் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலை நனைந்திருந்தது, தண்ணீரால் மட்டும் இல்லை. கையில் பித்தளைச் செம்பு. நான் கிட்டப் போனதும் கண்ணைத் திறந்து, “தேரு நல்லா வந்துச்சா?” என்று கேட்டாள்.

வெளியே ஓடினேன். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. என் கால்கள் தாமாகவே உம்மாவின் வளவுக்குப் போயின. அங்கும் நான்கு அறைகளும் பூட்டிக் கிடந்தன. உம்மா மட்டும் இருந்தார். முழங்கால் வலியால் அவர் எங்கும் போவதில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். தெருமுனையில் ஒரு மாட்டு வண்டிக்காரனை அதட்டி நிறுத்தி, அந்த முழங்காலோடு ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குள் வந்ததும் தரையில் அமர்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார்.

“எப்பருந்து மகள்?”

“வெடி போட்டாங்கள்ல உம்மா... அதுக்கு முன்னாடி. படியில வழுக்குனதுலேருந்து எட்டு வைக்க முடியல.”

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “வண்டிய ஆட்டாம ஓட்டச் செல்லுங்க” என்றார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அழவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அதில் கோபம் இல்லை. தினமும் பலருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

மறுநாள் அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குப் போனேன். பகல் வெளிச்சத்தில் அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு பெயர்ந்த தழும்புகள். முதல் தழும்புகள் என் இடுப்பு உயரத்தில், ஆழமாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அடுத்தவை முழங்கால் உயரத்தில். கடைசித் தழும்புகள் தரையிலிருந்து ஒரு சாண். கீறல் மாதிரித்தான் இருந்தன. செம்பின் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. வெளியே கொக்கோ மரங்கள் அசையாமல் நின்றன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு மணி நேரம் தட்டியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, “தேர் செய்தி போட்டுட்டாங்களா? படிங்க, நான்தான் பாக்கலியே” என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் செய்திகளை எப்போதும் நான்தான் படித்துக் காட்டுவேன். படித்தேன். கூட்டம் எவ்வளவு, எந்தெந்தத் தெரு, என்னென்ன வாத்தியம், எத்தனை மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டேன். எந்தத் திருவிழாச் செய்தியையும் நான் முடிக்கும் வரிதான் அது: “விழா அசம்பாவிதம் எதுவுமின்றி இனிதே நிறைவுற்றது.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதான்” என்றேன்.

அந்த வாரமே உம்மா வளவில் இன்னும் காலியாகக் கிடந்த முதல் அறைக்கு மாறினோம். இந்த முறை நான் எதையும் அளக்கவில்லை. ஆனால் என் மனைவி சுவரைத் தொடவே இல்லை. லயத்து வழக்கத்தை எப்போதோ கிணற்றடியில் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. தினமும் காலையில் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டுக் கேட்கும். இவள் அடுப்பில் நெருப்பு எரியும். பதில் தட்டாமல் வேலையைப் பார்ப்பாள். உம்மா விடவில்லை. மறுநாளும் இரண்டு தட்டு. சித்திரையும் வைகாசியும் இப்படியே போயின. ஒருநாள் காலையில் நான் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, இவள் அகப்பைக் காம்பால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா உரக்க, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், அந்த அறையிலேயே. இத்தனை வருடத்தில் அந்தத் தனி வீட்டைப் பற்றி அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், எதற்கும் காரணம் காட்டத் தெரிந்தவன்தானே நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கதவு, ஜன்னல், கூரை, கிணறு, நடக்கும் நிமிடம் எதிலும் பிழை இல்லை, ஆனால் அன்று மூன்று வீட்டிலும் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை.