ஸ்பிரிட் மட்டும் விட்ட தட்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த தங்கரத்தினம், கோலாலம்பூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உதவியாளர். புற்றுநோய்ச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது அவள் வேலை. பெற்ற பிள்ளைகளைவிட அவற்றுக்குத்தான் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

1987இல் ஒரு சீன மூலிகை வேர் சோதனைக்கு வந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துத் தட்டுகளில் விட்டாள். இரண்டே நாளில் செல்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. பொடி சேர்க்காமல் வெறும் ஸ்பிரிட் மட்டும் விட்ட தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் முறை. அந்த வாரம் தட்டுகள் குறைவாக இருந்தன. ஒன்றுதானே என்று அதை வைக்காமல் விட்டுவிட்டாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அண்ணன் யோகநாதன் வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். அடுத்த வாரம் ஆபரேஷன். ரயில்வேயில் முப்பது வருடம் எதற்கும் அசையாத மனுஷன், கத்தி என்றதும் ஆடிப்போயிருந்தார். மறுநாளே ஆபரேஷன் வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டு, சீன மருந்துக்கடையில் அந்த வேரை வாங்கிக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினார். தங்கரத்தினம் தடுக்கவில்லை. படித்த டாக்டரை விட்டுத் தன்னை நம்புகிறாரே என்று உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போனாள்.

மூன்றாம் வாரம் புதுத் தட்டுகள் வந்தன. சோதனையை முறைப்படி மறுபடியும் செய்தாள். வியாழக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். வெறும் ஸ்பிரிட் விட்ட தட்டில் ஒரு செல்கூட மிச்சமில்லை. ஸ்பிரிட்டைக் குறைத்து அதே பொடியை விட்ட தட்டில் செல்கள் ஜம்மென்று வளர்ந்திருந்தன.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிள்ளான் பஸ் ஏறினாள். எப்படிச் சொல்வது? வழி முழுக்க வாய்க்குள் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணன் கையில் கஷாயக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தார்.

“வா ரத்தினம்! வயிறு இப்ப லேசா இருக்குலா. பசிகூட எடுக்குது.”

“குடிக்காதீங்கண்ணா. செல்லைக் கொன்னது வேர் இல்ல, ஸ்பிரிட்டு. நான் ஒரு தட்டை வைக்காம விட்டுட்டேன்.”

“டாக்டர் சொல்லிக் குடுத்து அனுப்பினாரா?”

“இல்ல. நானே பார்த்தேன். என் தப்புண்ணா.”

அவர் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. தங்கரத்தினம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அண்ணனுடைய ஆபரேஷன் தேதியை அப்போதே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி ஐந்து வாரம் கழித்துத்தான் இடம் இருக்கிறதாம்.

“அஞ்சு வாரமா? அதுக்குள்ள வளந்துடுமா?” என்று கேட்டார் அண்ணன்.

ஒரே நாளில் இரட்டிப்பாகும் செல்களைத் தினமும் பார்ப்பவள் அவள்.

“தட்டுல வேகமா வளருதுண்ணா. உங்க வயித்துல எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“சரி, அந்த டேட்டையே எடு,” என்றார். “அன்னிக்கி லீவு போட்டுட்டு வந்துரு, ரத்தினம். எனக்குப் பயமா இருக்கு.”