நீந்தத் தெரியாத தீவு

2009 கோடையில், தலை நரைத்த பிறகு, புலம்பெயர்ந்து வந்த ஸ்ட்ரெதமில் கவுன்சில் நடத்திய நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். சீனி வியாதிக்கு நீந்துவது நல்லது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள், பழக்குகிற வெள்ளைக்காரப் பிள்ளை. என் தலை தானாகவே 'இல்லை' என்று ஆடிவிட்டது. இளஞ்சிவப்பில் ஒரு மிதவைப் பலகையைத் தந்து, இடுப்பளவுத் தண்ணீரில் கிழவிகளுக்கு நடுவில் என்னை விட்டாள். நானோ நடக்கப் பழகுமுன் கடலில் விழுந்து எழும்பியவன். மேலே பார்வையாளர் வாங்கில் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் எங்கள் தீவுதான்.

தலை ஆடியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தீவுச் சனம் இடம்பெயர்ந்து வன்னிக் கரையில் கொட்டில் போட்டிருந்தபோது, கடலில் சண்டைபிடிக்க இயக்கம் கட்டாயமாக ஆள் சேர்த்தது. நீந்தத் தெரிந்தவன் முதலில் போகவேண்டும். ஒரே இரவில் தீவுச் சனம் முழுவதற்கும் நீச்சல் மறந்துபோனது. பரம்பரையாக மீன் பிடித்தவர்கள் மிதப்பதற்கு இடுப்பில் வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தத்தளித்தார்கள். கலியாணம் பேசப் போனவர்கள், "மாப்பிள்ளைக்குக் குடியில்லை, நீந்தவும் தெரியாது" என்று பெருமையடித்தார்கள். இயக்கத்துக்குச் சந்தேகம் வந்தால் தோணியிலிருந்து தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். நான் மூழ்கிய சீரைப் பார்த்து, தள்ளியவனே பாய்ந்து என்னைத் தூக்கினான்.

தம்பிக்கு அந்த நடிப்பெல்லாம் வராது. இடுப்பில் உடுக்கிற புதுச் சாரம் ஒன்றைத் தோய்த்துக் காயப்போட்டிருந்தான். காற்று அதை அள்ளிக் கடலில் போட்டது. பாழாய்ப்போனவன் பாய்ந்துவிட்டான்! சாரத்தோடு கரையேறியபோது இயக்கக்காரர் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கே கொண்டுபோனார்கள். ஒரு சாரத்துக்காக.

நானும் மனைவியும் பிறகு இங்கே வந்துவிட்டோம். 2009 மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய், அவன் குரலைக் கேட்கும்வரை நீந்தமாட்டேன் என்று நேர்ந்தேன்.

"இஞ்சாருங்கோ, ஊரிலை சனம் காவடியெல்லோ நேருறது? உங்களுக்குச் சுகர் கூடினா முருகனே வந்து ஊசி போடுவாரோ?" என்றாள் மனைவி. ஆனாலும் கிழமை தவறாமல் என்னைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஓகஸ்டில் ஒருநாள், வகுப்பு முடிந்து தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி ஓடிவந்து போனை நீட்டினாள். தடுப்பு முகாமிலிருந்து தம்பி.

"அண்ணை, நான்தான்."

நான் குழறி அழுதுவிட்டேன். "டேய், இருக்கிறியோ! இனி நான் நீந்துவனடா! நீ அண்டைக்குச் சாரத்துக்குப் பாய்ஞ்சு நீந்தின..."

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்?" பக்கத்தில் யாருக்கோ கேட்கவேண்டும் என்பதுபோல அவன் குரல் உயர்ந்தது. "எனக்கு எங்கை நீந்தத் தெரியும்? சின்னனிலையிருந்து எனக்குத் தண்ணியெண்டாலே பயம். தெரியுந்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் ஆமிக்காரன் நிற்கிறான். கடலில் சண்டைபிடித்தவன் என்று தெரிந்தால் அவனை வெளியே விடமாட்டார்கள். அன்று இயக்கத்துக்குச் சொல்லத் தெரியாத பொய்யை, இன்று ஆமிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"ஓம், ஓம், மறந்துபோனன்," என்று நானும் கத்தினேன். "எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஏலாது!"

அடுத்த கிழமை, "இன்று பலகையை விட்டுப் பாருங்கள், உங்களால் முடியும்," என்றாள் அந்தப் பிள்ளை. முழுக் குளத்தையும் நீந்தி முடிப்பவரைப் படமெடுத்து இன்டர்நெற்றில் போடுவார்களாம். அது ஆமிக்காரன் கண்ணில் பட்டால்?

மேலே பார்த்தேன். மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். முருகா, இந்தப் பொய்யைக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லிப் பலகையை விட்டேன். வாய் நிறையத் தண்ணீர் குடித்து, கை காலை உதறி, பழைய சீருக்குக் கொஞ்சமும் குறையாமல் மூழ்கினேன். அந்தப் பிள்ளை சப்பாத்தோடு பாய்ந்து என்னைத் தூக்கினாள்.

தம்பி வெளியே வரும்வரை எனக்கும் நீந்தத் தெரியாது.