நான் கையெழுத்து வைத்த கடதாசி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்புத் துறைமுகத்துப் பட்டறையில் கடைசல் வேலை பழகி, அந்தக் கைத்தொழிலைக் காட்டித்தான் மெல்பேணுக்கு வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மனைவியையும் நாலு வயது மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, கிளேட்டனில் ஒரு வாடகை அறையில் தபால்காரனின் விசில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தேன். கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

வந்த கடிதம் சின்னது. கொழும்பு விசா கந்தோரில் நடந்த நேர்முகத்தில் என் மனைவிக்குத் தன் புருஷனின் பெயரே தெரியவில்லையாம். இது உண்மையான கலியாணம்தானா என்று சந்தேகமாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். ஊரில் யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பாள், அவர் சொல்லிவிடுவார். கொழும்பில் பக்கத்தில் நின்றவருக்கு என்னைத் தெரியாதே. "இவளின்ர அப்பா" என்று மகளைக் காட்டியிருப்பாள், பாவம்.

எங்கள் ஆட்களுக்குள் பெரிய உத்தியோகத்தில் ஒரு எஞ்சினியர் இருந்தார். இங்கிலீஷ் தெரியாத ஆட்களுக்கு அவர்தான் வாய். தேவாலய மண்டபம் ஒன்றில் புதன்கிழமை பின்னேரங்களில் ஒரு சட்டத்தரணி இலவசமாக ஆலோசனை சொல்லுகிறார் என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் முழுக்கதையையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இதைப் போய் வெள்ளைக்காரனுக்குச் சொல்லச் சொல்லுறீரோ? எங்களை மரத்திலயிருந்து நேற்று இறங்கின ஆக்கள் எண்டு நினைப்பான். நீர் பேசாமல் இரும், நான் பாத்துக்கொள்ளுறன்."

சட்டத்தரணி இளம் ஆள். தோள்வரை தலைமயிர், கோப்புகளின் மேல் பிஸ்கட் தூள். எஞ்சினியர் கனநேரம் கதைத்தார். எனக்குப் பிடிபட்டது 'வைஃப்', 'ஸ்லோ' என்ற இரண்டு சொற்கள்தான். கதைத்துக்கொண்டே எஞ்சினியர் விரலால் தன் நெற்றியில் இரண்டுதரம் தட்டிக் காட்டினார். சட்டத்தரணி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் இருந்தது.

"என்ன ஐயா சொன்னனீங்கள்?"

"அவ கொஞ்சம் மந்தம், ஆக்களைக் கண்டால் வாயடைச்சுப் போவா எண்டனான். இரக்கப்பட்டு விட்டிடுவாங்கள். வையும் கையெழுத்தை."

என் மனைவி எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினவள். எனக்கு வேலைக்கு மனு எழுதித் தந்ததே அவள்தான். அவளை மந்தம் என்று தட்டெழுத்தில் அடித்த கடதாசியில், எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், நான் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து விசில் கேட்டது. இரண்டு கடிதங்கள். மனைவிக்கு மூளைக் கோளாறா என்று மனநோய் வைத்தியர் சோதித்துவருகிறார், அப்படி இருந்தால் விசா கிடைப்பது கஷ்டம் என்றது ஒன்று. மற்றது அவளுடையது. "எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு எழுதுங்கோ. டொக்டர் மரக்கட்டையளைத் தந்து அடுக்கச் சொன்னார். பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள். அடுக்கினனான்."

எஞ்சினியரிடம் ஓடினேன். "இரக்கம் கொஞ்சம் கூடிப்போச்சுப்போல" என்று பகிடி விட்டார். நானும் பல்லைக் காட்டினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த புதன்கிழமை தனியாகப் போனேன். கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நின்று நாள் முழுக்க முணுமுணுத்துப் பழகிய இங்கிலீஷில், எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அது வழக்கம் என்றேன். அவள் அனுப்பிய கடித உறைகளையும் மேசையில் வைத்தேன். அதில் என் பெயர் அவளுடைய கையால் முத்து முத்தாக இருந்தது. எழுதுவாள், சொல்லத்தான் மாட்டாள்.

சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா? இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். அந்த இங்கிலீஷ் எனக்கு முழுக்க விளங்கியது. புதுக் கடிதம் ஒன்று எழுதினார்: முந்தியது தவறு, அந்தப் பெண்ணிடம் பேனையும் தாளும் கொடுங்கள், புருஷன் பெயரை எழுதிக் காட்டுவார்.

எழுதிக் காட்டினாள். வந்து சேர்ந்தாள்.

பெட்டியைத் திறந்து உடுப்பு அடுக்கும்போது ஒன்று கேட்டாள். "கந்தோரில கடதாசியை வாசிச்சுக் காட்டினவங்கள். மந்தம் எண்டு ஆர் சொன்னது?"

"அந்த எஞ்சினியர் ஐயா."

"கையெழுத்து?"

நான் மகளுடைய சப்பாத்து நூலைக் கட்டப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் ஒரு பை திராட்சைப் பழத்தோடு வந்தார். "என்ன தங்கச்சி, இப்ப சுகமோ?" என்று, காது கேளாத ஆளிடம் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டார். அவள் ஓம் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

அவர் இருப்பதற்குக் கதிரையை இழுத்துப் போட்டவன் நான். அதில் இருந்த தூசியையும் கையால் துடைத்துவிட்டேன்.