பதினோரு தொட்டிகளும் ஒரு பிடி ராகியும்

புருஷன் வீட்டில் கோபித்துக்கொண்டு வருகிற பெண்கள் கையில் ஒரு பெட்டியோடு வருவார்கள். என் அத்தை பதினோரு மண்தொட்டிகளோடு வந்தாள். ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருந்த மாமா வீட்டிலிருந்து விவேக் நகரில் எங்கள் வீடு வரைக்கும் லக்கேஜ் ஆட்டோ பிடித்து, தொட்டிகள் உருளாமல் இரண்டு பக்கமும் கையால் அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். துணிமணி என்று பார்த்தால் ஒரு கட்டைப்பைதான். அது அக்டோபர் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. என்ன சண்டை என்று அவள் சொல்லவில்லை. மாமாவுக்கும் அவளுக்கும் ஏதோ மனஸ்தாபம், நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் அப்பா எல்லாரிடமும் சொன்னார். தொட்டிகள் மொட்டைமாடிக்குப் போயின. அப்போது அவற்றில் அகலமான இலைகள் இருந்தன. நவம்பர் பிறந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சரிந்தன. மாதம் முடிவதற்குள் பதினொன்றிலும் வெறும் மண்தான் மிச்சம். அத்தை அதற்காக வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டாள்.

"மாடியெல்லாம் மண்ணு. துணி காயப்போட இடமில்ல" என்று அம்மா முணுமுணுத்தாள்.

ஆனால் காலையில் அத்தை காபி டம்ளரோடு போய் உட்கார்ந்தது அந்த வெறும் தொட்டிகளுக்கு நடுவில்தான். நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போவேன். டிசம்பரில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது, அப்படிப் பனி. மாதா கோயில் மணி மட்டும் எங்கிருந்தோ கேட்கும். கொடிக்கயிறு முழுக்க நீர்முத்து கோத்திருக்கும். பக்கத்து வீட்டு மரம் ஒன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சாம்பல் நிறக் கிளைகளோடு நிற்கும். வெயில் ஏறியதும் அந்த மொட்டைக் கிளைகளில் சிட்டுகள் வந்து வரிசையாக உட்காரும். இலை இருந்த காலத்தில் அந்த மரத்தில் சிட்டு இருந்ததையே நான் பார்த்ததில்லை. அத்தை எதையும் சுட்டிக்காட்ட மாட்டாள். காபி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு எழுந்து ஈஜிபுராவில் சேர்ந்திருந்த தையல் கடைக்குக் கிளம்பிவிடுவாள். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொல்வாள். "தொட்டியில யாரும் தண்ணி ஊத்தாதீங்க."

இல்லாத செடிக்கு எதற்கு இத்தனை காவல் என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா பேச்சை எடுத்தார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் அத்தை திரும்பிப் போய்விட வேண்டும், கோயிலில் நாலு பேர் கேட்கிறார்கள் என்றார். அத்தை இட்லியைச் சாம்பாரில் தோய்த்தபடியே பதில் சொன்னாள்.

"மாடியில இருக்கிற தொட்டியில பூ வரட்டும்ணா. வந்ததும் என் முடிவைச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கேட்காதீங்க."

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே அதன் வியாதியைச் சொல்லிவிடுவார். செடி விஷயத்தில் ரோஜாவுக்கு முள் உண்டு என்பதோடு அவர் படிப்பு முடிந்தது. என்ன பூ, எப்போது பூக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. "சரிம்மா, பூக்கட்டும். அண்ணன் வாக்கு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் கடையில் வாங்குவதில்லை. பத்து நாளைக்கு முன்னால் தட்டுகளில் மண் பரப்பி ராகி தூவிவிடுவோம். பண்டிகைக்குள் பச்சைப்பசேலென்று ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிடும். அதைப் பாளம் பாளமாக எடுத்து வைத்தால் ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கு மேய்ச்சல் நிலம் தயார். எங்கள் வீட்டில் அது என் வேலை. அந்த வருடம் பழைய தட்டுகள் உடைந்து போயிருந்தன. அம்மா ஒரு பிடி ராகியைக் கொடுத்து, "எதுலயாவது போடு" என்று அனுப்பினாள். மாடியில் பதினோரு தொட்டி மண் சும்மா கிடந்தது. பதினொன்றிலும் தூவினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்த கவுன்களும் ரவிக்கைகளும் கடையில் குவிந்திருந்ததால் அத்தைக்கு அந்த வாரம் மாடிப்பக்கம் வரவே நேரமில்லை. ராகியும் என்னை ஏமாற்றவில்லை.

சனிக்கிழமை ஸ்டார் கட்டுவதற்காக அப்பா மேலே போனார். இறங்கி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"பதினொண்ணும் முளைச்சிருக்கு. இனி பூ வர எத்தனை நாள் ஆவும்" என்று அம்மாவிடம் சொன்னவர், அங்கேயே நின்று மாமாவுக்கு போன் போட்டார். "நாளைக்கு வாங்க மாப்ளே. எல்லாம் நல்லபடியா முடியும்."

அது ராகி என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஊற்றாதே என்று சொன்ன இடத்தில் குடம் குடமாக ஊற்றியதும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அத்தையை அனுப்பப் போகிறார்கள், அதற்கு என் ராகிதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பிளம் கேக் பெட்டியோடு வந்தார். செண்ட் வாசனை, இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். எனக்கு அவரைப் பிடிக்கும். வரும்போதெல்லாம் என் கன்னத்தைத் தட்டி சாக்லேட் கொடுப்பார். அத்தை அவரைப் பார்த்ததும் படியேறினாள். நானும் ஓடினேன். அவள் முதல் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, ராகிப் பயிரை இரண்டு கையாலும் விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டாள். பெரிய வெங்காயம் போல ஒரு கிழங்கு வெளியே வந்தது. அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அடுத்த தொட்டியில் இருந்தது கொழகொழவென்று அழுகியிருந்தது.

மண்ணுக்குள் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் அத்தை" என்றேன்.

அத்தை திட்டவில்லை. படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "நீ இங்கயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது" என்றாள்.

புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று அப்பாவும் அம்மாவும் கீழேயே இருந்துவிட்டார்கள்.

"பூ வந்துடுச்சாமே" என்றார் மாமா.

"இது ராகி. குடிலுக்குப் போட்டது. என்னோடது லில்லி. மே மாசம்தான் பூக்கும்."

மாமா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, கீழ போய் மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

"அவ போக மாட்டா" என்றாள் அத்தை.

"இன்னாத்துக்கு, குழந்தை எதுக்கு இங்க?"

"எனக்கு வேலை இருக்கு அவளால."

என்னால் ஒரு வேலையும் ஆகவில்லை. அத்தை ஒவ்வொரு தொட்டியாகக் கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, பழைய பேப்பரில் காய வைத்தாள். மாமா ஏதேதோ பேசினார். குரல் ஏறும், என்னைப் பார்த்ததும் இறங்கும். இன்னொரு தடவையும் என்னைத் தண்ணீருக்கு அனுப்பப் பார்த்தார். வெயில் மண்டையில் இறங்க, கால் மரத்துப் போக, கண்ணீரும் மூக்கும் ஒழுக நான் அதே இடத்தில் நின்றேன்.

"மே மாசம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள் அத்தை கடைசியில். "அதுக்கு அப்புறமும் சந்தாபுராவுக்கு வர்ற மாதிரி இல்ல."

மாமா வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் இறங்கிப் போனார். அப்பாவுக்குக் கோபம்தான். "மே மாசமா" என்று அன்று முழுக்க நாலைந்து தடவை தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். வாக்குக் கொடுத்துவிட்டதால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் குடிலில் அந்த வருடம் தெருவிலேயே அடர்த்தியான புல். கேக்கையும் நாங்களே தின்றோம். மே வருவதற்குள் அத்தை ஈஜிபுராவில் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு, பிழைத்த ஒன்பது கிழங்குகளோடு போய்விட்டாள். இன்று அங்கே அவளுக்குச் சொந்தத் தையல் கடை இருக்கிறது.

மண்ணைப் பார்த்து வெறும் மண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்பது மட்டும் அன்றே எனக்கு உறைத்துவிட்டது. இப்போது என் பால்கனியிலும் டிசம்பரில் மொட்டைத் தொட்டிகள் இருக்கின்றன. வருகிறவர்கள் செடி செத்துப்போச்சே என்பார்கள். நான் காபி கொடுத்து உட்கார வைப்பேன்.

ஆனால் மாடியில் நின்ற கதையை மட்டும் பல வருடம் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கொடுத்த தண்டனை என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் அப்படிச் சொல்லிச் சிரித்தபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள். மாமா அத்தையை அடிப்பாராம். இரண்டு வருடம் அடித்திருக்கிறார். தெரிந்தால் அப்பா வேனை எடுத்துக்கொண்டு போய் ஏதாவது செய்துவிட்டு ஜெயிலில் உட்காருவார் என்று பயந்து, அத்தை யாரிடமும் சொல்லவில்லை; அம்மாவிடம்கூட அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் சொன்னாளாம்.

"யாராவது பக்கத்துல இருந்தா அவருக்குக் கை எழாதாம். சின்னப் பிள்ளை இருந்தாக்கூடப் போதும்னு அத்தை சொன்னா" என்றாள் அம்மா.

அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அழாமல், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.