அண்ணியிடம் திருடிய மெட்டு

நான் திருடன். என் அண்ணியின் ஒப்பாரியைத் திருடி ஆட்டப் பாட்டாக்கினேன்!

ரெகேட்டோன் என்றொரு இசை உண்டு. கேட்டால் இடுப்பு தானாக அசையும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெளிநாட்டுப் பாடகன் ஒருவன் அந்தப் பித்தை, கீபோர்டு வாசிக்கும் என் தலையில் ஏற்றினான். பாடுவது அவன்; மெட்டும், அடியில் அதிரும் பேஸும் நான் போட வேண்டும். கீபோர்டில் பேஸ் சுலபமாக உருண்டது. மெட்டுதான் வரவில்லை. ஒருமுறை கேட்டால் நாக்கில் ஒட்ட வேண்டும் என்றான் அவன்.

என் காதில் அப்படி ஒட்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்...

அண்ணன் அப்போதுதான் இறந்திருந்தான். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில், அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அண்ணி பாடி அழுதாள். ‘மகராசா’ என்று மேலே ஏறி, மூச்சறுந்து, தளர்ந்து இறங்கும் ஓர் இழுப்பு. அதை எடுத்தேன். வேகம் கூட்டினேன். அடியில் பேஸை உருட்டினேன். என்ன மனிதன் நான்? அன்று எனக்குக் கூச்சமே இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது.

அவன் பாடிய மொழி புரியாவிட்டாலும் பாட்டு ஊரில் பரவியது. பௌர்ணமிக் கூட்டத்துக் கடைகளில், ஆட்டோக்களில், கடைசியில் எங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒலித்தது.

“நல்லா கீது தம்பி. எங்கயோ கேட்ட மாதிரியே கீது” என்றாள் அண்ணி.

“இல்ல அண்ணி... நானே போட்டது.”

அழுதபோது என்ன பாடினோம் என்பது அவளுக்கு நினைவில்லை. அது தெரிந்துதான் சொன்னேன்! அவளோ “எங்க தம்பி போட்ட பாட்டு” என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசினாள். பாத்திரம் துலக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள்.

பிறகு அவள் அம்மா இறந்தாள். பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார்கள். அண்ணி ‘மகராசி’ என்று மேலே ஏறினாள்... சட்டென்று நிறுத்திவிட்டாள். பக்கத்திலிருந்த இளம்பெண் சிரிப்பை அடக்குவதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள்.

எழுந்து குழாயடிக்கு வந்தாள். அங்கே நான் நின்றிருந்தேன்.

“என்ன பாவம் பண்ணனோ தம்பி... பெத்தவ செத்துக் கெடக்குறா, எனக்கு உன் ஆட்டப் பாட்டுதான் வாயில வருது. அத போய் சாவு வூட்டுல பாடிட்டேன். தப்பா நெனச்சுக்காத.”

என்னிடம் மன்னிப்பு! நீங்களாக இருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அது உங்கள் மெட்டு அண்ணி, என்று சொன்னால் போதுமே!

“பரவால்ல அண்ணி” என்றேன். மன்னித்துவிட்டேன்!

அவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். உடலைத் தூக்கும்வரை தாயின் தலைமாட்டில் முந்தானையால் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அதன் பிறகு எந்தச் சாவிலும் அண்ணி பாடவும் இல்லை...