நெடுந்தீவுக்குக் கடிதம் வாங்கப் போனது

காலை ஆறு நாற்பதுக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினேன். வேலணை, புங்குடுதீவு வழியாக, இருபுறமும் ஆழமில்லாத கடல் கிடக்கும் தாம்போதிகளைக் கடந்து, ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்குதுறை. கட்டணம் இருநூறு ரூபாய்க்குள்தான்.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. வவுனியாவில் என் மகளை ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பித்திருந்தோம். குடும்பம் ஞாயிறு திருப்பலிக்கு ஒழுங்காகப் போகிறது என்று பங்குத்தந்தையின் கடிதம் கேட்டார்கள். வவுனியாப் பங்குத்தந்தை என் முகத்தைப் பார்த்து, "உங்களை நான் கண்ட ஞாபகம் இல்லை. சொந்த ஊர்ப் பங்கில கேட்டுப் பாருங்கோ," என்றார். சொந்த ஊர் நெடுந்தீவு. ஆறு வயதில் இடம்பெயர்ந்த பிறகு நான் அங்கே போனது மூன்று தடவை, மூன்றும் செத்தவீடு.

துறையில் இரண்டு வரிசைகள் நின்றன. கையில் பூத்தட்டும் தேங்காயுமாக நீளமாக நின்றது நயினாதீவுக்கு. டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பார்த்து, "அம்மன் கோயிலுக்கோ?" என்றார்.

"இல்லை, நெடுந்தீவுக்கு."

"அப்ப மற்றப் பக்கம் நில்லுங்கோ. அது எட்டரைக்கு."

ஒரு மணித்தியாலக் கடல். படகின் உள்ளே டீசல் மணமும், சீமெந்துப் பைகளும், வாந்தி எடுக்க ஆயத்தமாக ஒரு பெண்ணும். ஒன்பதரைக்கு நெடுந்தீவில் இறங்கினேன்.

சித்தியின் மகன் சவிரிமுத்து மோட்டார் சைக்கிளோடு நின்றான். என்னைவிட மூன்று வயது இளையவன், கடற்தொழில். கோயில் பங்குச் சபையின் செயலாளரும் அவன்தான். பங்குத்தந்தை அவன் சொல்லை நம்புவார் என்பது என் கணக்கு. பவள முருகைக்கல் மதில்களுக்கு நடுவே போகும்போதே விடயத்தைச் சொன்னேன்.

"நாங்கள் அடிக்கடி வாறனாங்கள், வந்தால் பூசைக்கு வாறனாங்கள் எண்டு ஃபாதரிட்ட ஒரு சொல் சொல்லும், சவிரி. அது போதும்."

அவன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஃபாதர் பன்ரண்டு மணிக்குத்தான் வருவார் அண்ணை. காற்று நிண்டுபோச்சு, வலை இழுக்க வேணும். வாறியளோ?"

பத்து மணிக்கு அவனுடைய வள்ளத்தில் போனோம். எஞ்சினை நிறுத்தி நண்டு வலையை இழுத்தபோது அவன் ஏதோ கதைத்தான். என்னோடு என்று நினைத்து, "என்ன?" என்றேன்.

"உங்களோட இல்லை அண்ணை."

பிறகும் கதைத்தான். செபம் என்று நான் அறிந்த எதுவும் அதில் இல்லை. "நேற்று சூசையைப் பற்றி அப்பிடிக் கதைச்சது பிழைதான். ஆனா அவனும் என்னைக் கள்ளன் எண்டவன். எனக்கு இன்னும் ஆறேல்லை," என்று, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் முறையிடும் குரலில் சொன்னான். என் வீட்டிலும் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கிறது. அதோடு யாரும் இப்படிக் கதைத்தது கிடையாது.

சூசை யாரென்று கேட்டேன். ஒரே துறையில் தொழில் செய்பவன். தன் வலையைச் சவிரி களவாடியதாக ஊர் முழுக்கச் சொல்லி, மூன்று மாதமாக முகம் பார்ப்பதில்லை.

திரும்பும் வழியில் சவிரி வேகத்தைக் குறைத்தான். பச்சை மிதப்புகள் கட்டிய ஒரு வலை நீரோட்டத்தில் இழுபட்டு, கடலடிக் கல்லுப் பாரில் சிக்கிக் கிடந்தது. "சூசையின்ர," என்றான்.

நேரம் பதினொன்றே கால். "விடும். தொட்டால் பிறகு நீர்தான் களவெடுத்தனீர் எண்டுவான்," என்றேன். "ஒருத்தரும் பாக்கேல்லை."

"பாக்கிறார் அண்ணை," என்றான், மழை வரும் போல இருக்கிறது என்று சொல்லும் சாதாரணக் குரலில்.

கொஞ்ச நேரம் அந்த வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் விருப்பமில்லை என்பது தெரிந்தது. "சரி, சரி," என்று எவருக்கோ சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தான்.

முக்கால் மணித்தியாலம் ஆனது. கல் கிழித்து அவன் உள்ளங்கையில் இரத்தம். எடுத்த வலையை நண்டுகளோடு கொண்டுவந்து கரையில் சூசையின் வள்ளத்துக்குள் போட்டான். சூசை தென்னைக்குக் கீழ் நின்று பார்த்தான். நன்றி சொல்லவில்லை. "ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு," என்றான்.

"ஓம், பாரில சிக்கினது," என்றுவிட்டுச் சவிரி நடந்தான். எனக்குத்தான் கோபம் வந்தது.

பன்னிரண்டரைக்குப் பங்குத்தந்தையின் அறை. இளம் குரு. ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பெயரைக் கண்டுபிடித்தார். பிறகு கடிதத் தாளை எடுத்துக்கொண்டு, "சவிரி, இவை இஞ்ச பூசைக்கு வாறவையோ?" என்று கேட்டார்.

சவிரி நிலத்தைப் பார்த்தான். துணி சுற்றிய கையை மற்றக் கையால் பிடித்திருந்தான். அவன் பொய் சொல்ல மாட்டான் என்பதும், என்னைக் காட்டிக்கொடுக்க அவனால் ஏலாது என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. அவனை அந்த இடத்தில் நிறுத்தியவன் நான்.

"இல்லை ஃபாதர்," என்றேன். "ஒரு நாளும் வாறதில்லை. வவுனியாவிலயும் நத்தார்ப் பூசைக்கு மட்டும்தான்."

குரு கோபிக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினார். அந்தக் கடிதத்தால் பலன் இருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மகள் இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் படிக்கிறாள்.

சவிரி வீட்டில் நண்டுக் கறியோடு சோறு. அவன் மனைவி பரிமாறினாள். துறையில் விடைபெறும்போது, "கோவமோ அண்ணை?" என்றான். இல்லை என்றேன்.

இரண்டரைப் படகு. தீவு தட்டையான ஒரு கோடாகியது. வவுனியாவில் என் வீட்டிலிருந்து கோயிலுக்கு நானூறு மீற்றர். கோயில் அவ்வளவு கிட்ட இருப்பதே போதும், இல்லாதது கடிதம் மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். சவிரி வீட்டிலிருந்து கோயில் மூன்று கிலோமீற்றர். அவன் அந்தத் தூரத்தை அளந்திருக்க மாட்டான்.

எஞ்சின் சத்தத்தில் எவருக்கும் கேட்காது என்ற துணிவில் நானும் சவிரியைப் போல வாயைத் திறந்து பார்த்தேன். மனப்பாடமான செபங்கள்தான் வரிசையாக வந்தன. அவற்றை நிறுத்தினேன். குறிகட்டுவான் தெரியத் தொடங்கியபோதுதான் சொந்தமாக ஒரு வசனம் வந்தது: "எனக்கு உம்மோட கதைச்சுப் பழக்கமில்லை."